எங்கள் ஊரில் புற்றுநோய்ச் சாவு அதிகமா, அப்படித் தெரிகிறதா?

வாய்க்கால்கரை:
ஈரோட்டுக்குப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்து ஊர் எங்களுடையது. ஏறக்குறைய 3,000 பேர். போன தை தொடங்கி மார்கழி முடிவதற்குள் ஐந்து பேர் புற்றுநோயில் போய்விட்டார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் தெரு. சாயத்தண்ணியும் தோல் பட்டறைக் கழிவும் வாய்க்காலில் ஒருநாள் சிவப்பாக ஒருநாள் நீலமாக வந்ததைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். இப்போது சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் 'மாவட்டக் கணக்குப்படி நம்ம பக்கம் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை' என்று போடுகிறார். வயிறு எரிகிறது. கண்ணால் பார்த்ததை விடக் கணக்கு பெரிதா?

கணக்குப்பிள்ளை:
அண்ணா, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு சுமார் 65 பேர் புற்றுநோயில் இறப்பதாக 2022க்கான உலக மதிப்பீடு சொல்கிறது. அப்படியென்றால் 3,000 பேர் உள்ள ஊரில் சராசரியாக வருடத்துக்கு இரண்டு சாவு. ஆனால் எல்லா ஊரிலும் வருடம் தவறாமல் இரண்டே இரண்டு விழாது. எந்தக் குறையும் இல்லாத இதே அளவு ஊர்கள் 300 எடுத்தால், ஒரே வருடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ சாவு விழுந்த ஊர்கள் பதினைந்து பதினாறு இருக்கும், ஒன்றுகூட விழாதவை நாற்பது இருக்கும். வெறும் தற்செயல். அந்த நாற்பது ஊர்க்காரரும் 'எங்கள் தண்ணீர் அமுதம்' என்று எழுத வரமாட்டார்கள், அதனால் நம் காதில் விழுவது பதினைந்து ஊர்க் கதைதான்.

வாய்க்கால்கரை:
அப்போ என் பெரியம்மா செத்தது தற்செயல். நன்றி தம்பி.

கணக்குப்பிள்ளை:
அப்படிச் சொல்லவில்லை அண்ணா. ஒரு வருடத்தை வைத்து ஊரைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்ச் சாவு மிகக் குறைவான கவுண்டிகளை (நம்ம மாவட்டம் மாதிரி) பார்த்தால் பெரும்பாலும் ஆள் குறைந்த கிராமப்புறம். சுத்தமான காற்று என்று காரணம் சொல்லத் தோன்றும். சாவு மிக அதிகமான கவுண்டிகளும் அதே மாதிரிக் கிராமப்புறம்தான்! ஆள் குறைந்தால் விகிதம் மேலும் கீழும் தாவும்.

குமரிக்காரன்:
இது எல்லாவற்றையும் மழுப்பும் பேச்சு. இடத்துக்கு இடம் வித்தியாசமே இல்லையா? 2012 முதல் 2016 வரைக்குமான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் மிசோரமின் ஐசால் மாவட்ட ஆண்களுக்கு லட்சத்துக்கு 269.4 பேருக்குப் புதிதாக நோய், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத், பீட் பக்கம் 39.5. ஏழு மடங்கு கிட்ட. இதுவும் தற்செயலா? எங்கள் மாவட்டத்திலும் வருடா வருடம் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போகிறது.

கணக்குப்பிள்ளை:
ஐசால் நிஜம், அங்கே புகையிலைப் பழக்கம் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் அது ஐந்து வருடம், மொத்த மாவட்டம், வயதைச் சரிக்கட்டிய விகிதம், அதாவது ஓரிடத்தில் வயதானவர்கள் கூடவோ குறையவோ இருப்பதால் வரும் வித்தியாசத்தை நீக்கியது. வயதை மறந்தால் எல்லாம் தலைகீழ்: 2011 கணக்கெடுப்பில் 60 தாண்டியவர்கள் கேரளாவில் 12.6 சதவீதம், பீகாரில் 7.4. சும்மா தலையை எண்ணினால் கேரளாவில்தான் புற்றுநோய் தாண்டவம் ஆடுவதாகத் தெரியும். ஏறிக்கொண்டு போகிறது என்கிறீர்களே, அமெரிக்காவில் 1991ல் புற்றுநோயில் இறந்தவர்கள் 5 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 2020ல் 6 லட்சம். ஆனால் வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால் அதே காலத்தில் சாவு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இன்னொன்று, 2023 கடைசியில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி நான்கிலும் அரசு பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தேடினால் நோயாளி எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதைச் சாவு கூடியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராத்திரி_ட்யூட்டி:
நான் நர்ஸ். கணக்குப்பிள்ளை சொல்வது சரிதான், ஆனால் அந்தக் கணக்குக்குள் போகும் சீட்டை அவர் பார்த்ததில்லை போல. இறப்புச் சான்றுக்கான மருத்துவப் படிவத்தில் உடனடிக் காரணம், அதற்குப் பின்னால் இருந்த காரணம், அடிப்படை நோய் என்று அடுத்தடுத்து வரிகள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு முதல் வரியில் 'இதயமும் மூச்சும் நின்றது' என்று எழுதிவிட்டுக் கீழ் வரியைக் காலியாக விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் கடைசியில் இதயம் நிற்கத்தானே செய்யும்! வீட்டில் போனவர்களுக்கு இந்தச் சீட்டுகூடப் பெரும்பாலும் கிடையாது. நாடு முழுக்கப் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதியது 2020ல் 22.5 சதவீதம்தான். அப்புறம், சாவு பதிவாவது இறந்த இடத்தில், வாழ்ந்த ஊரில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
உண்மை அக்கா. அதனால்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு 2012லிருந்து குடியிருந்த முகவரியை வைத்து எண்ணுகிறது. வாய்க்கால்கரை அண்ணா, ஒரு கேள்வி. அந்த ஐந்து பேருக்கும் எந்தெந்தப் புற்றுநோய்? சாயப்பட்டறை வேலைக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு, பென்சிடின் மாதிரிச் சாய ரசாயனத்தால் வருவது. ஐந்தும் வேறு வேறு உறுப்பு என்றால் ஒரே காரணம் என்பது சந்தேகம்தான்.

வாய்க்கால்கரை:
பெரியம்மாவுக்கு மார்பகம். ஒருத்தருக்கு வாய், அவர் நாள் முழுக்க புகையிலை அடக்குபவர், மறைக்கவில்லை. ஒருவருக்கு வயிறு, ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய். ஐந்தாமவர் சாயப்பட்டறையில் 18 வருடம் துணியைச் சாயத்தில் முக்கி எடுத்தவர். முழங்கை வரை கலர் போகாமலே இருக்கும், பந்தியில் உட்கார்ந்தால் கையை வேட்டிக்கடியில் வைத்துக்கொள்வார். சிறுநீரில் ரத்தம் போகிறது என்று ஆறு மாதம் நாட்டு மருந்து, அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துப் பத்தே நாள். இதைப் படித்துவிட்டு அவர் மகனிடம் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். அக்கா சொன்ன அதே வரி. கீழே ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அவர் ஈரோட்டுச் சாவும் இல்லை, புற்றுநோய்ச் சாவும் இல்லை, சரிதானே?

ராத்திரி_ட்யூட்டி:
பதிவேட்டுக்காரர்கள் அந்த மருத்துவமனை ஃபைலை எடுத்திருந்தால் ஈரோட்டு நோயாளியாகச் சேர்ந்திருப்பார். சான்றிதழை மட்டும் நம்பினால் நீங்கள் சொன்னதுதான்.

வாய்க்கால்கரை:
இன்னொன்றும் கேட்கிறேன். 2011 கணக்கில் ஈரோடு மாவட்டத்தில் 22 லட்சத்துக்கு மேல் ஜனம். அதில் எங்கள் கரையோர ஊர்களைக் கரைத்துவிட்டு 'மாவட்டத்தில் வித்தியாசம் இல்லை' என்றால், அண்டாத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு எப்படிக் கரிக்கும்?

கணக்குப்பிள்ளை:
இதை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. மாவட்ட விகிதம் உங்கள் ஊரை விடுவிக்கவில்லை. ஆனால் உங்கள் ஐந்து சாவும் வாய்க்காலைக் குற்றவாளி ஆக்காது, அந்த ஒருவருக்குக் கூட வாய்க்காலை விடப் பட்டறைத் தொட்டியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கரையோர ஊர்கள் ஒரு இருபது, வாய்க்கால் தொடாத ஊர்கள் இருபது, பத்து வருடச் சாவு, வயதோடு. அப்போதுதான் பேச முடியும்.

குமரிக்காரன்:
யார் எடுப்பார்கள்? அரசாங்கமா?

வாய்க்கால்கரை:
எங்கள் ஊரில் ஒரு சாவுச் சங்கம் உண்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். 2009லிருந்து நோட்டு இருக்கிறது, யார் எப்போது போனார்கள் என்று தேதியோடு. வயது மட்டும் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:
பழைய வாக்காளர் பட்டியலில் வயது இருக்கும் அண்ணா.

வாய்க்கால்கரை:
நோட்டு பெட்டிக்கடைக்காரர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் இறக்குகிறேன். நீ சொன்ன வாய்க்கால் தொடாத இருபது ஊரில் ஒன்றையாவது நீ எடு.

கணக்குப்பிள்ளை:
என் மாமனார் ஊர் அந்தியூர் பக்கம். அங்கே ஏதாவது நோட்டு இருக்கிறதா என்று கேட்கிறேன்.