டாக்ஸிக் லிங்குகளை மொத்தமாக டிஸவோ செய்துவிடலாமா?

இரவுப்பறவை:
மூன்று மாதமாக என் தளத்தின் ட்ராஃபிக் சரிந்துகொண்டே போகிறது. கூகுள் தேடலில் முதல் பக்கத்தில் இருந்தவை எல்லாம் நான்காம் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டன. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில், என் தளத்துக்கு லிங்க் கொடுக்கும் தளங்களின் பட்டியலைத் திறந்தால் சூதாட்டம், மாத்திரை விற்பனை என்று நான் கேள்விப்பட்டே இராத தளங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. காசு கட்டி வாங்கிய டூல் அதில் பாதிக்கு மேல் 'டாக்ஸிக்', அதாவது தளத்துக்குக் கெடுதல் என்று சிவப்பில் காட்டுகிறது. மொத்தத்தையும் டிஸவோ கோப்பில் (இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் பட்டியல்) போட்டு இன்று இரவே ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

நூல்கண்டு:
தயவுசெய்து ஏற்றாதீர்கள். அந்தச் சிவப்பு மதிப்பெண் கூகுள் கொடுத்ததல்ல, டூல் விற்பவர்கள் தாங்களாகப் போட்ட கணக்கு. 2012 ஏப்ரலில் லிங்க் ஸ்பாமைப் பிடிக்கும் பெங்குவின் என்ற கூகுள் அல்காரிதம் வந்தபோது கெட்ட லிங்கால் தளமே அடி வாங்கியது, அடுத்த முறை அதைப் புதுப்பிக்கும்வரை மீளவும் முடியாது, அதே வருடம் அக்டோபரில் டிஸவோ வந்ததும் அந்தச் சூழலில்தான். 2016 செப்டம்பரில் பெங்குவின் 4.0 வந்த பிறகு அப்படியில்லை. கெட்ட லிங்கின் மதிப்பைக் கழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரோ எங்கிருந்தோ வீசிய குப்பையை நீங்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டியதில்லை.

பழையகணினி:
சும்மா இரு என்று சொல்வது சுலபம், நான் பட்டிருக்கிறேன். எனக்காக வேலை பார்த்த ஒரு நிறுவனம் கெஸ்ட் போஸ்ட் (பிறர் தளத்தில் எழுதும் விருந்தினர் கட்டுரை) என்ற பெயரில் லிங்க் வாங்கித் தள்ளியிருந்தது, எனக்குத் தெரியவந்ததே, கூகுள் ஊழியர்கள் பார்த்துப் போடும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வந்த பிறகுதான். ஒவ்வொரு தளத்துக்கும் எடுத்துவிடச் சொல்லி மெயில் எழுதினேன், முக்கால்வாசிப் பேர் பதிலே போடவில்லை, மிச்சத்தை டொமைன் டொமைனாக டிஸவோ செய்தேன். மறுபரிசீலனை கேட்டு அனுப்பிய முதல் ரீகன்சிடரேஷன் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். இரண்டாவது முறை, யாருக்கு எப்போது எழுதினேன் என்று முழு விவரத்தோடு அனுப்பிய பிறகுதான் தடை நீங்கியது. கூகுளே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தால் இன்றைக்கு என் தளம் இருந்திருக்காது.

நூல்கண்டு:
உங்களுக்கு வந்தது மேனுவல் ஆக்‌ஷன், அதற்கு நீங்கள் செய்தது சரியான வைத்தியம். கூகுளின் வழிகாட்டியிலும் அதுதான் இருக்கிறது: நிறைய ஸ்பாம் லிங்க் இருக்க வேண்டும், அதோடு அவற்றால் மேனுவல் ஆக்‌ஷன் வந்திருக்க வேண்டும் அல்லது வரக்கூடிய நிலை இருக்க வேண்டும். இவருக்கு அது வந்ததா என்றே இன்னும் யாரும் கேட்கவில்லை. பாதி லிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், பெயர் தெரியாத சின்னத் தளத்தில் யாரோ பிடித்துப்போய்க் கொடுத்த நல்ல லிங்கும் சேர்ந்தே போகும்.

இரவுப்பறவை:
பார்த்தேன், மேனுவல் ஆக்‌ஷன் பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒருவரிடம் பணம் கொடுத்து லிங்க் பேக்கேஜ் வாங்கினேன். எல்லாமே ஒரே ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்க் போட்ட சொற்கள் எல்லாவற்றிலும் ஒன்றேதான். ரேங்கிங் ஏறியதும் அதற்குப் பிறகுதான்.

கடலோரம்:
அப்படியானால் கேட்கக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன். ஏற்றியதே அந்த லிங்குகள் என்றால், அவற்றின் மதிப்பு கழிந்ததும் தளம் தன் சொந்த இடத்துக்கு வந்திருக்கலாம். 2022 டிசம்பரில் ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்பிரெய்ன் என்ற ஏஐ அமைப்பை வைத்து லிங்க் ஸ்பாம் அப்டேட் விட்டபோதே கூகுள் சொல்லிவிட்டது, இப்படிப் போன பலன் திரும்ப வராது என்று. டிஸவோ செய்தாலும் வராது. போன இடத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பக்கங்களில்தான் உழைக்க வேண்டும்.

பழையகணினி:
இருந்தாலும் வாங்கியதை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறீர்களா? நாளைக்கு மேனுவல் ஆக்‌ஷன் வந்தால் யார் பொறுப்பு? வெட்டுவதானால் ஒன்று: சர்ச் கன்சோலில் முழு டொமைனாகப் பதிந்த டொமைன் ப்ராப்பர்ட்டியில் டிஸவோ வேலை செய்யாது, https:// என்று தொடங்கும் முகவரியாகப் பதிந்த யூஆர்எல் ப்ரிஃபிக்ஸ் ப்ராப்பர்ட்டி வேண்டும். அப்புறம், புதுக் கோப்பு ஏற்றினால் பழையது அழிந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலும் இருக்க வேண்டும்.

நூல்கண்டு:
வாங்கியதை வெட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. முதலில் விற்றவரிடமே எடுக்கச் சொல்லுங்கள், முடியாததை மட்டும் கோப்பில் போடுங்கள். ஆனால் சூதாட்ட, மாத்திரைத் தளங்களைத் தொட வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. இன்னொன்று, சரிவு எந்த வாரம் தொடங்கியது, அப்போது கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிய அளவில் மாற்றும் கோர் அப்டேட் ஏதும் ஓடியதா, எந்தப் பக்கங்கள் விழுந்தன என்று பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் தேதி வைத்து ஒப்பிட்டீர்களா? லிங்க் வாங்காத பக்கங்களும் விழுந்திருந்தால் காரணம் வேறு.

பழையகணினி:
ஒப்பிடட்டும், நல்லதுதான். குப்பைத் தளங்களையும் சேர்த்தே வெட்ட வேண்டும் என்பதுதான் இன்னமும் என் கருத்து, அதில் நஷ்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரவுப்பறவை:
இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். விழுந்த பதினொரு பக்கங்களில் ஒன்பதுக்கு நான் லிங்க் வாங்கியிருக்கிறேன். மற்ற இரண்டும் பல வருடமாகத் திருத்தாத பழைய பக்கங்கள், இன்று இரவு அவற்றை எழுத உட்காருகிறேன். விற்றவருக்கு மெயில் போட்டாயிற்று.