புதுப்பிப்பு: வெற்றுக் கசற் விசயம்

யாழ்ப்பாணத்தில் வீட்டு ஒலிப்பதிவுக்கு நல்ல வெற்றுக் கசற் எது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. "பழைய சரக்கைத் தேடாதேங்கோ, புதிதாகச் செய்யிற ரைப் 1 சி-60 எடுங்கோ" என்று பதில் தந்த ஒரு அண்ணையின் யோசனைதான் சரிவந்தது. ரைப் 1 என்றால் சாதாரண இரும்பு ஒக்சைட்டு நாடா, சி-60 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம். பிரான்சில் தயாராகும் 'றெக்கோடிங் த மாஸ்ரர்ஸ்' என்ற பெயர்க் கசற்றை எடுப்பித்தேன். பக்கத்துக்கு 30 நிமிடம். டெக்கில் (கசற் பதியும் கருவி) நாடா வகையை 'நோர்மல்' நிலையில் வைத்துப் பதிந்தேன், உயர் சுருதி ஒலி மங்கவில்லை.

எதிர்பாராதது இது: உறை பிரிக்காத பழைய சி-90 ஒன்றில், நாடாவை டெக்கின் தலையோடு (ஒலியைப் பதிந்து வாசிக்கும் பகுதி) அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து கழன்று கிடந்தது. அதனால்தான் ஒலி வந்து வந்து போனது. உலோகத் தகட்டில் திரும்ப ஒட்டியதும் சரி. பசை நாடாவில் பட்டால் கெட்டது. இன்னொன்றில் சுருளின் ஓரத்தில் வெண்பூஞ்சணம். அதை டெக்கில் போடவேயில்லை, மற்றக் கசற்றுகளுக்கும் தொற்றும்.