பூனைக்குச் சீனி வருத்தம்: டொக்டரிட்ட ஒரு நம்பர், வீட்டில வேற நம்பர், சாப்பாட்டையும் மாத்தலாமா? உதவி வேணும்

மணியன்ட அம்மா (உவர்மலை):
எல்லாருக்கும் வணக்கம். எங்கட மணியனுக்கு 9 வயசு, கடுவன், ஒப்பரேஷன் செய்தது, 6 கிலோவுக்கு மேல இருந்தவன். கொஞ்ச நாளா கிணத்தடி வாளிக்குள்ள தலைய விட்டு விட்டு தண்ணி குடிச்சான், சாப்பாடும் கேட்டுக் கேட்டு திண்டான், ஆனா தடவினா முதுகெலும்பு கையில தட்டுப்படுற அளவுக்கு மெலிஞ்சிட்டான். பின் வளவில அவன் மூத்திரம் பெய்யிற மணல்ல எறும்பு மொய்ச்சுக் கிடந்தத பாத்திட்டு எங்கட அம்மாதான் முதல்ல சொன்னா இது சீனி வருத்தமா இருக்கும் எண்டு. மிருக வைத்தியரிட்ட கொண்டு போனம், ரத்தத்தில 380, மூத்திரத்திலயும் சீனி, கிளார்ஜின் இன்சுலின் காலம 1 யூனிட் பின்னேரம் 1 யூனிட் போடச் சொன்னார்.

இப்ப என்ர பிரச்சினை என்னெண்டா வீட்டில அம்மாட குளுக்கோமீட்டரால பாத்தா 240, 265 அப்பிடித்தான் காட்டுது, எதை நம்புறது? மற்றது காதில குத்தினா ரத்தம் வருதே இல்ல, வந்தாலும் முடிக்குள்ள பரவிப் போயிடுது, ஸ்ட்ரிப் எரர் அடிக்குது, ஸ்ட்ரிப் விக்கிற விலையில அது பெரிய நட்டம். மற்றது சாப்பாடு. அவன் சின்னதில இருந்து பக்கெட் பிஸ்கட்டும் சோறும் மீனும்தான். நாளைக்கே பிஸ்கட்ட நிப்பாட்டிட்டு வெறும் மீன் அவிச்சுக் குடுப்பம் எண்டு இருக்கிறன், சரியா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ, அவன விட்டிட்டு எனக்கு இருக்க ஏலாது.

பேராதனை வெட் மாணவன்:
அக்கா, முதல்ல கடைசிக் கேள்விக்கு வாறன், ஏனெண்டா அதுதான் ஆபத்தானது. நாளைக்கே நிப்பாட்டாதீங்க. பிஸ்கட், சோறு எல்லாம் மாச்சத்து கூடின சாப்பாடு, அத எடுத்தவுடன பூனைக்கு இன்சுலின் தேவை கடகடவெண்டு குறையும், சில பூனைக்கு ஒரு கிழமைக்குள்ளயே. நீங்க அதே 1 யூனிட்ட போட்டுக்கொண்டே இருந்தா சீனி அடிமட்டத்துக்குப் போயிடும், அது கூடின சீனிய விட கெதியா உயிரெடுக்கும். டொக்டருக்குச் சொல்லிப்போட்டு, ஒவ்வொரு ஊசிக்கும் முதல் பாத்துப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. பட்டினி போடவும் கூடாது. கொழுத்த பூனை ரெண்டு மூண்டு நாள் சாப்பிடாட்டி ஈரல்ல கொழுப்பு கட்டிப் போயிடும்.

நம்பர் விசயம். ரெண்டும் பொய்யில்ல. பூனை பயந்தா சீனி எகிறும், ஓட்டோவில ஏத்தி நாய் குரைக்கிற இடத்தில வச்சுக் குத்தினா நல்ல பூனைக்கே 300 காட்டலாம். மூத்திரத்திலயும் சீனி, மெலிவு, தாகம் எல்லாம் இருக்கிறபடியா மணியனுக்கு வருத்தம் இருக்கிறது உண்மை. சந்தேகமெண்டா புரக்டோசமின் எண்டு ஒரு டெஸ்ட் இருக்கு, அது முந்தின ஒண்டு ரெண்டு கிழமைச் சராசரிய காட்டும், அண்டைக்குப் பயந்ததால அது மாறாது. அடுத்தது, மனுசற்ற மீட்டர் பூனைக்கு உண்மைய விட குறைச்சுத்தான் காட்டும். எங்கட ரத்தத்தில சீனி ஏறக்குறைய 58 வீதம் பிளாஸ்மாவில (ரத்தத்தின்ட நீர்ப் பகுதி), மிச்சம் சிவப்பணுவில. பூனைக்கு 93 வீதம் பிளாஸ்மாவில. மீட்டர் மனுசக் கணக்குக்குச் செய்தது. அதுக்காக தூக்கி எறிய வேணாம், ஒரே மீட்டரால தொடர்ந்து பாத்தா ஏறுதா இறங்குதா எண்டது விளங்கும், அதுதான் வேணும்.

ரெண்டு கேள்வி: முன்ன சொறிக்கோ அலர்ஜிக்கோ ஊசி போட்டிருக்கீங்களா? நடக்கேக்க பின்னங்கால் குதி நிலத்தில படுதா?

பாலையூற்று பூனை வீடு:
தங்கச்சி, ரத்தம் வராத விசயம் நான் சொல்றன், எங்கட பெட்டைக்கு வருசக்கணக்கா குத்தினது. காது குளிரா இருந்தா வராது. ஒரு சின்ன துணிய சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, உங்கட கன்னத்தில வச்சுப் பாத்து சுடாட்டி, அவன்ட காதில ஒரு நிமிசம் பிடிங்கோ. பிறகு காது ஓரத்த டோர்ச் வெளிச்சத்துக்குப் பிடிச்சா ஓரத்தோட ஒரு மெல்லிய நரம்பு ஓடுறது தெரியும், அந்த நரம்பில குத்தாம அதுக்கும் ஓரத்துக்கும் இடையில குத்துங்கோ. குத்த முதல் வாசலின் மெல்லிசா பூசினா ரத்தம் முடிக்குள்ள பரவாது, ஒரு முத்தா நிக்கும், ஸ்ட்ரிப் நுனிய கிட்ட கொண்டுபோனா அதுவே உறிஞ்சும். காதுக்குப் பின்னால பஞ்சை மடிச்சு வைங்கோ, உங்கட விரலில குத்தாது. குத்தினபிறகு பஞ்சால அமத்திப் பிடிக்காட்டி காது கண்டிப்போயிடும்.

அம்மாட குத்துற பேனைய பூனைக்கு எடுக்க வேணாம் பிள்ள, அவனுக்கு வேற வாங்குங்கோ, ஊசியும் ஒவ்வொரு தரமும் புதுசு. ஸ்ட்ரிப் டப்பி மூடிய திறந்து வைக்காதீங்கோ, எங்கட கடற்கரை ஈரத்துக்கு ஸ்ட்ரிப் பழுதாகி கண்டபடி நம்பர் காட்டும். குத்தி முடிஞ்சதும் அவன் விரும்புற ஏதாவது ஒரு துண்டு இறைச்சி குடுங்கோ, கொஞ்ச நாளில அவனே பாய்க்கு வந்து குந்துவான்.

மணியன்ட அம்மா:
அக்கா கோடி நன்றி, வாசலின் பூசினதும் முதல் குத்திலயே வந்திட்டுது. தம்பி, ஓம், சொறிக்கு ஊசி போட்டது, அதுவும் கொஞ்ச இடைவெளியில திரும்பத் திரும்ப. பின்னங்கால் நீங்க சொன்னமாதிரித்தான், முயல் மாதிரி குதியால நடக்கிறான், சுவருக்குப் பாய ஏலாம நிக்கிறான், வயசு போனதால எண்டு நினைச்சம்.

பேராதனை வெட் மாணவன்:
அந்த ஊசி ஸ்டீரொய்ட்டா இருந்தா அதுவே சீனிய கிளப்பியிருக்கலாம். ஊசிச் சீட்டு இருந்தா இப்ப பாக்கிற டொக்டரிட்ட காட்டுங்க, சொறி திரும்ப வந்தாலும் அவரக் கேக்காம எதுவும் போட விடாதீங்க. கால் நரம்பு தளர்ந்தது சீனியாலதான், சீனி கட்டுப்பட்டா கனபேருக்கு மெல்ல மெல்லத் திரும்பி வரும். பூனையில ஒரு நல்ல விசயம், ஆரம்பத்திலயே இன்சுலினும் சாப்பாடும் சரியா அமைஞ்சா சில பூனை இன்சுலினே தேவையில்லாத நிலைக்கு வரும். அதுக்காகத்தான் இவ்வளவு சொல்றன்.

கிண்ணியாக்காரன்:
எங்கட உம்மாவுக்கு பாவக்காச் சாறும் கொவ்வ இலையும்தான் சீனிய குறைச்சது. பூனைக்கும் சோத்தில பிசைஞ்சு குடுத்துப் பாருங்க, இன்சுலின் எல்லாம் வேணாம்.

பேராதனை வெட் மாணவன்:
நானா, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இன்சுலின நிப்பாட்டினா இந்தப் பூனை செத்துப்போகும். இன்சுலின் இல்லாட்டி உடம்பு கொழுப்ப கரைக்கத் தொடங்கி கீட்டோன் எண்ட அமிலப் பொருள் ஏறும், சத்தி, சாப்பாடு மறுப்பு, சோர்வு, பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. அக்கா, ஃபார்மசியில கீட்டோன் பாக்கிற மூத்திர ஸ்ட்ரிப் கிடைச்சா வாங்கி வைங்க, சத்தி எடுத்து சாப்பிடாம இருந்தா ராவு பகல் பாக்காம டொக்டரிட்ட ஓடுங்க.

சாப்பாட்டு விசயம். வெறும் மீன் நெடுக குடுக்க ஏலாது. பச்சை மீன் சிலதில தயமின (விட்டமின் பி1) அழிக்கிற பொருள் இருக்கு, மீனே மீனா திண்டா விட்டமின் ஈ குறைஞ்சு கொழுப்பில அழற்சி வரும், டோரின் எண்ட சத்தும் கல்சியமும் கணக்கில வராது. பூனைக்கெண்டு செய்த ஈரச் சாப்பாட்டு டின் அல்லது பவுச்தான் அடிப்படை, சூரையோ பாரையோ உப்பு, வெங்காயம், உள்ளி போடாம அவிச்சு முள்ளெடுத்து ருசிக்கு மேல கொஞ்சம் வைக்கலாம். வெங்காயமும் உள்ளியும் பூனையிட சிவப்பணுவ உடைக்கும், கறி கழுவின மீனும் வேணாம்.

டின்னில மாச்சத்து எவ்வளவு எண்டு போட மாட்டான், நாங்கதான் கழிச்சுப் பாக்க வேணும். 100ல இருந்து புரதம், கொழுப்பு, ஈரம், சாம்பல், நார் எல்லாத்தையும் கழிங்க. ஒரு டின்ல புரதம் 10, கொழுப்பு 5, ஈரம் 80, சாம்பல் 2, நார் 1 எண்டா மிச்சம் 2. இத கலோரியா மாத்த புரதத்தையும் மாச்சத்தையும் 3.5ஆல, கொழுப்ப 8.5ஆல பெருக்குங்க: 35, 7, 42.5, மொத்தம் 84.5, அதில 7 எண்டா 8 வீதம். 10, 12க்குள்ள இருந்தா நல்லது. இதே கணக்க பிஸ்கட் பக்கெட்டில போட்டுப் பாருங்க, புரதம் 30, கொழுப்பு 10, ஈரம் 10, சாம்பல் 8, நார் 4 எண்டா 41 வீதம் வரும்.

மணியன்ட அம்மா:
கணக்குப் போட்டுப் பாத்தன், நாங்க வாங்குற பக்கெட் 40க்கு மேல! டொக்டருக்கு கோல் எடுத்துச் சொல்லிட்டு, கால்வாசி பிஸ்கட்ட குறைச்சு டின் கலந்து குடுத்து வாறன்.

மணியன்ட அம்மா:
ஆராவது இருக்கீங்களா, அவசரம். இப்ப அரைவாசி டின், அரைவாசி பிஸ்கட். பின்னேர ஊசிக்கு முதல் பாத்தா 96. திரும்பக் குத்திப் பாத்தன், 101. ஆள் நல்லா இருக்கிறான், சாப்பாடு கேட்டு கத்துறான். டொக்டர்ட போன் ஓஃப். ஊசிய போடவா விடவா?

பாலையூற்று பூனை வீடு:
போடாத பிள்ள! சாப்பாட்ட குடு. ஒரு ஊசி தவறினா ஒண்டும் ஆகாது.

பேராதனை வெட் மாணவன்:
அக்கா சொன்னதுதான் சரி, போடாதீங்க. வழமையான சாப்பாட்ட குடுத்து ரெண்டு மணித்தியாலத்தில திரும்பப் பாருங்க. காலம போட்ட கிளார்ஜின்ட வேலை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். தள்ளாடுறது, கண் வெறிக்கிறது, உடம்பு நடுங்கி இழுக்கிறது, இல்லாட்டி நம்பர் 60க்கு கீழ, இதில ஒண்டு வந்தாலும் தேனோ குளுக்கோஸ் கரைசலோ விரலால முரசில தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தினா புரைக்கேறும், விழுங்கக்கூடிய நிலையெண்டா சாப்பாடும் குடுத்து உடன மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்க. நாளைக்கு டொக்டரிட்ட எந்த நம்பருக்கு கீழ ஊசி போடக்கூடாது எண்டு எழுதி வாங்குங்க, புதுசா தொடங்கினாக்களுக்கு பொதுவா 150 இல்லாட்டி 200 எண்டு ஒரு எல்லை வைப்பாங்க. மீட்டரே குறைச்சுக் காட்டுறதால 96 எண்டா உண்மை இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பயப்படாதீங்க, ஆனா பக்கத்திலயே இருங்க.

மணியன்ட அம்மா:
சாப்பிட்டாப் பிறகு 148. ராவு முழுக்க எழும்பி எழும்பிப் பாத்தன், காலம 210. டொக்டரோட கதைச்சன், இனி அரை யூனிட், 150க்கு கீழ எண்டா போடாம கோல் எடுக்கச் சொன்னார், ஒரு கிழமை கழிச்சு காலம ஊசியில இருந்து பின்னேர ஊசி வரைக்கும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாத்து எழுதிக்கொண்டு வரட்டாம். தண்ணி வாளிப் பக்கம் போறது நல்லா குறைஞ்சிட்டுது! ஒரு சந்தேகம், எங்கட்ட இருக்கிற சிரிஞ்சில அரைக் கோடு இல்ல, தண்ணி கலந்து அளக்கலாமா? பக்கத்து வீட்டிலயும் அவனுக்கு சோறு வைக்கினம், அத என்ன செய்யிறது? கரண்ட் போனா இன்சுலின எப்பிடி வைக்கிறது?

பேராதனை வெட் மாணவன்:
கிளார்ஜினுக்கு தண்ணியோ வேற எதுவோ கலக்கவே கூடாது, அது வேலை செய்யிற விதமே மாறிப்போகும். ஒரு மில்லியில 100 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கான (U-100) 0.3 மில்லி சிரிஞ்சில அரை யூனிட் கோடு போட்டது இருக்கு, ஃபார்மசியில சொல்லி எடுப்பியுங்க. மில்லிக்கு 40 யூனிட் கணக்கில செய்த சிரிஞ்ச (U-40) தந்தா வாங்காதீங்க, அதில அரை எண்டு இழுத்தா ஒண்டே கால் யூனிட் வந்திடும்.

பாலையூற்று பூனை வீடு:
பக்கத்து வீட்டாக்களிட்ட போய் வருத்தத்த சொல்லி, அவையட கையில ரெண்டு பவுச் குடுத்து வை தங்கச்சி, சோத்துக்குப் பதிலா இத ஒரு கரண்டி வையுங்கோ, வச்சா எனக்கு ஒரு சத்தம் போடுங்கோ எண்டு. வைக்க வேணாம் எண்டு சொன்னா கேக்க மாட்டினம், அவன் கத்தினா அவைக்கும் மனம் பொறுக்காது. கரண்ட் போனா பிரிட்ஜ திறக்காத, நேரம் போனா தேர்மோஸ் பிளாஸ்கில ஐஸ் போட்டு, இன்சுலின துவாயில சுத்தி ஐஸ் முட்டாம வை. உறைஞ்சா எறியத்தான் வேணும்.