தோல் ஷெட்டுல மஞ்சள் விளக்கு: பார்த்தவங்க சொல்லுங்க

பாலாற்றங்கரை:
ராணிப்பேட்டையில மூடிக் கிடக்குற தோல் ஷெட்டுக்குள்ள ஒரு கலைஞர் மஞ்சள் விளக்கு வெச்சு ஜனங்களுக்குக் காட்டினாங்களே, அதைப் பத்தித்தான் சொல்றேன். கல்யாண வீட்டுல இருந்து அம்மாவை நேரா அங்க கூட்டிக்கிட்டுப் போனேன். அரக்குச் சிவப்புல ஆரணிப் பட்டு. உள்ள நாலடி வெச்சதும் சேலை கறுத்துப் போச்சு. நெத்திக் குங்குமமும் கறுப்பு. அம்மா முந்தானையைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டு என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கலைஞர் ஓடி வந்து சின்ன டார்ச்சை முந்தானை மேல அடிச்சாங்க. உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சிவப்பு திரும்பி வந்துச்சு. "சேலைக்கு ஒண்ணும் ஆகலம்மா, சிவப்பைக் காட்டுற வெளிச்சம் இந்த விளக்குல இல்ல"ன்னாங்க. அம்மா டார்ச்சை வாங்கி, கரை நெடுக தானே அடிச்சுப் பார்த்தாங்க. அந்த முகம் கண்ணை விட்டுப் போகல.

கோட்டைவாசி:
இதை முதல்ல செஞ்சது இவங்க இல்லீங்க. 2003-லயே லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்துல ஒலாஃபர் எலியாசன்ங்கிற கலைஞர் ஒற்றை நிற விளக்குகளை அரைவட்டமா வெச்சு, கூரையில பதிச்ச கண்ணாடியில பிம்பம் விழவெச்சு முழுச் சூரியனாக்கினார். ஷெட்டுல வெச்ச மாதிரி சோடியம் விளக்குல வர்றது 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டின மஞ்சள் ஒண்ணுதான், அதுல அரக்குச் சிவப்புச் சேலை கறுப்பாத்தான் தெரியும். எனக்கு ஷெட்டுல விளக்கு வெச்ச கலைஞர் மேல மரியாதை வந்தது வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல. டார்ச்சை நேரா அடிக்காம, தூணை ஒட்டினாப்ல பக்கவாட்டுல பிடிச்சாங்க. சின்ன வயசுல இருந்து பார்க்குற யாளி. அதோட கடைவாய்க்குள்ள உளி இறங்கின வரி ஒவ்வொண்ணா எழும்பி நின்னுது. ஷெட்டைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க, இதை யாரும் சொல்லல.

சத்துவாச்சாரி ஒயர்மேன்:
அந்த ஷெட்டுக்கு லைன் இழுத்தவன் நான். ரெண்டு பேரும் மஞ்சள்னே சொல்றீங்க. சுவிட்ச் போட்டதும் அந்த விளக்குல மஞ்சள் வராதுங்க. உள்ள இருக்குற நியான் வாயு முதல்ல எரியும், மங்கலா ரோஸ் கலர்ல. சோடியம் சூடாகி ஆவியானாதான் மஞ்சள், அதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகும். முதல் நாள் ராத்திரி அந்தக் கலைஞர், வேலை செஞ்ச எங்களை எல்லாம் தரையில உட்கார வெச்சு, ஒரு வார்த்தை பேசாம அதைப் பார்க்க வெச்சாங்க. ஜனங்களையும் அந்த ரோஸ்லயே உள்ள விடணும்னு கேட்டாங்க. நேரம் ஆகும்னு நடத்துனவங்க ஒத்துக்கல. அதான் ஆத்தாமையா இருக்கு.

இந்த மாதிரி இடத்துல நீங்க யாராவது விளக்கு வெக்கிறதா இருந்தா கேட்டுக்கோங்க. தோலுக்குப் போட்ட உப்பு தரையிலயும் சுவத்துலயும் ஊறிப்போய் இருக்கும். ஈரம் பட்டா கம்பி அரிச்சுடும். பழைய ஒயரை நம்பாதீங்க, புதுசா பிவிசி பைப்ல தலைக்கு மேல கொண்டு போங்க. ஜங்ஷன் பாக்ஸ் தரையில வேணாம். தனி எர்த் அடிச்சு, கரண்ட் கசிஞ்சா தானா லைனை அணைக்கிற ஈ.எல்.சி.பி. போட்டு, அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துட்டு ஜனங்களை விடுங்க. அணைச்ச விளக்கை சூடா இருக்கும்போது கழட்டாதீங்க. உடைஞ்சா துடைக்க ஈரத் துணி கூடாது, சோடியம் தண்ணி பட்டா பத்திக்கும்.