மாகாண சபை இல்லாத மாகாணத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: தோட்டத்துப் பிள்ளை, நுவரெலியா மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. தம்பி எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டு படிக்கிறான். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கணிதப் பாடவேளை வந்தால் பிள்ளைகள் கொப்பியில் கோடு கீறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அவர்களுக்கு சாதாரண தரப் பரீட்சை.

அதிபரைக் கேட்டால் மேலே அறிவித்துவிட்டேன் என்கிறார். அம்மாவும் லயத்து ஆட்கள் சிலரும் ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்துக்குப் போனார்கள். "இது மாகாணத்துக்குரிய விஷயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாகாண சபையிலோ உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. கடைசித் தேர்தல் நடந்தபோது நானே பள்ளிக்கூடப் பிள்ளை. இதுவரை மாகாண சபைக்கு ஒரு வாக்குக் கூட நான் போட்டதில்லை.

இப்போது யாரிடம் கேட்பது? கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹட்டன்

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் வலயக் கல்விப் பணிமனையில் கடிதங்களோடு காலம் தள்ளியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சபைதான் இல்லை, மாகாண நிர்வாகம் இருக்கிறது. நம் மாவட்டம் இருக்கும் மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 58 உறுப்பினர்கள். 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தது. பக்கத்து மாகாணங்களில் சப்ரகமுவவுக்கு அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்துவிட்டது, ஊவாவுக்கு 2019இல். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்காகத் தயாரித்த தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. புதிய முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. அங்கேதான் தேர்தல் சிக்கிக்கொண்டது.

ஆனால் அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் கொடுத்த வேலைகள் ஒரு நாளும் நிற்கவில்லை. தேசியப் பாடசாலை தவிர்ந்த பள்ளிக்கூடங்கள், முன்பள்ளிகள், மாகாண ஆஸ்பத்திரிகள், மாகாண வீதிகள், பிரதேச சபைகளை மேற்பார்க்கும் வேலை எல்லாம் மாகாணத்திடம்தான். இன்றைக்கும் அவற்றைப் பற்றி மாகாணத் தலைமை அலுவலகங்கள் உள்ள பல்லேகலையில் முடிவெடுக்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், காசு ஒதுக்குகிறார்கள். ஆளுநர், பிரதம செயலாளர், அமைச்சுச் செயலாளர்கள், மாகாணக் கல்விப் பணிப்பாளர் என்று எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கிறது. அந்த அறையில் நம் வாக்கு அனுப்பிய ஆள்தான் இல்லை. ஆகவே இப்போது வாக்காளர்களே நேரடியாக எழுத வேண்டும்.

எழுதுவதிலும் முறை இருக்கிறது. "ஐயா அவர்களே, எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் இருண்டுபோய்க் கிடக்கிறது, தயவுகூர்ந்து கருணை காட்டவும்" என்று ஆரம்பிக்கும் கடிதங்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். படித்தால் மனது கனக்கும். ஆனால் எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பாடம், எப்போதிருந்து என்று எதுவும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு எந்த உத்தியோகத்தரும் ஒரு குறிப்பு எழுத முடியாது. கோப்பில் போட்டுவிடுவார்கள்.

நீங்கள் இப்படி எழுதுங்கள். மேலே திகதி. பள்ளிக்கூடத்தின் பெயர், தொகைமதிப்பு இலக்கம் (அதிபரிடம் கேட்டால் சொல்வார்). கணித ஆசிரியர் போன திகதி. 6 முதல் 11 வரை ஒவ்வொரு ஆண்டிலும் எத்தனை பிள்ளைகள். கிழமைக்கு எத்தனை பாடவேளை வீணாகிறது. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: வெற்றிடம் எந்தத் திகதிக்குள் நிரப்பப்படும், அதுவரை என்ன தற்காலிக ஏற்பாடு. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பி, மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதம செயலாளருக்கும் பிரதி போடுங்கள். தனி ஆளாக எழுதாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானமாக எடுத்து அனுப்பினால் பலம். அம்மா அந்தச் சங்கத்தில் உறுப்பினர், மறக்க வேண்டாம்.

கூடவே ஒரு தகவல் கோரிக்கை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாகாண அலுவலகங்களுக்கும் பொருந்தும். கேட்க வேண்டியது: உங்கள் பள்ளிக்கூடத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி (ஆசிரியர் பணியிடங்கள்) எத்தனை, இப்போது கடமையில் இருப்பவர்கள் எத்தனை, வலயத்தில் தமிழ்மூலக் கணித ஆசிரியர்கள் எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பேர். கடைசிக் கேள்விதான் முக்கியம். நகரத்துப் பள்ளியில் ஆள் கூடுதலாகவும் தோட்டத்துப் பள்ளியில் வெறுமையாகவும் இருந்தால் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவோம், மாட்டோம் என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேல் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில்: பதுளைக்காரன்

எழுதுவினைஞர் ஐயா சொல்வது முறைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் தலைவரைப் பிடித்து மேலிடத்துக்கு ஒரு போன் போட்டால் அடுத்த கிழமையே ஆள் வரும். கடிதம், சட்டம் என்று அலைந்தால் பிள்ளை பரீட்சை எழுதி முடித்துவிடும். பிள்ளையின் நிலைமையையும் பார்க்க வேண்டாமா?

பதில்: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹட்டன்

தம்பி, உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. போன் போட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் போனில் வந்த ஆசிரியர் இன்னொரு போனில் போய்விடுவார். அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்றும் யோசியுங்கள். அங்கேயும் நம் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருக்கும்.

நாம் கேட்டுப் பெற வேண்டியவர்கள் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது, அப்புறம் வாக்கும் போனது. 1964இல் இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாட்டுப் பிரதமர்கள் நம் ஆட்களைப் பங்குபோட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்கு இல்லாத காலத்தில் துரையையும் தலைவரையும் விட்டால் போக இடமில்லை, அது நியாயம். இப்போது நமக்கு வாக்கு இருக்கிறது. வாக்கு உள்ளவன் கேட்பதற்குப் பதில் சொல்வது அலுவலகத்தின் கடமை, யாரும் செய்யும் உதவி அல்ல. இதை நம் பிள்ளைகளாவது சந்தேகமில்லாமல் நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

பதில்: பிரதேச சபைப் பக்கம், மஸ்கெலியா

எழுதிக் கேட்டு என்ன கிடைத்தது என்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டப் பாதைக்கோ தண்ணீருக்கோ பிரதேச சபைக் காசைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. தோட்டத்து ஆட்கள் வாக்குப் போடலாம், சேவை கேட்க முடியாது. மலையக அமைப்புகளும் உறுப்பினர்களும் வருடக்கணக்காக விடாமல் கேட்டதால் 2018இல் அது திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிந்தன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் அப்படி வந்தவைதான். பிரதேச சபை உறுப்பினர்களை 2025 மே மாதம் நாம்தான் தெரிவு செய்தோம். உங்கள் வட்டாரத்து உறுப்பினரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஆசிரியர் நியமனம் அவர் கையில் இல்லை. ஆனால் சபையில் தீர்மானம் நிறைவேற்றி ஆளுநருக்கு அனுப்பலாமே.

பதில்: தோட்டத்துப் பிள்ளை, நுவரெலியா மாவட்டம்

மிக்க நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு சந்தேகம். கடிதம் தமிழில் எழுதலாமா? சிங்களத்தில் இல்லாவிட்டால் பார்க்க மாட்டார்கள் என்று இங்கே சொல்கிறார்கள். மற்றது, பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பள்ளியிலும் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லையாம். அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், ஹட்டன்

தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் அதையும் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேளுங்கள்.

கிராமத்து ஆட்களைக் கட்டாயம் சேருங்கள். அவர்கள் தங்கள் பள்ளிக்குச் சிங்களத்தில் எழுதட்டும், நீங்கள் உங்கள் பள்ளிக்குத் தமிழில் எழுதுங்கள், இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகப் போய்க் கொடுங்கள். அவர்களுக்கும் இதே மாகாண சபைதான் இல்லாமல் இருக்கிறது. மாகாணத் தேர்தலை நடத்தச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் தேர்தல் ஆணைக்குழுவுக்கும் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகட்டும். ஆசிரியர் விஷயத்தோடு அதைக் கலக்க வேண்டாம். கலந்தால் இரண்டுக்கும் பதில் வராது.

கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், அடுத்ததை அதைப் பார்த்து எழுதுவோம்.