இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பேசும் பழைய கேசட்டுகள்: கணினியில் ஏற்றுவது எப்படி?

சிற்றலை_41:
1979 முதல் 83 வரை தமிழ்நாட்டில் ரேடியோவிலிருந்து பதிந்த 40 கேசட்டுகள், பெரும்பாலும் சி-90 (90 நிமிடம் ஓடுபவை). கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் குரல்கள் உள்ளவை. யுஎஸ்பி வாக்மேனில் போட்டால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் மந்தம். சில கேசட்டுகள் வேகமாக ஓடுகின்றன. இரண்டில் நாடா ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பாட்டுகளை வெட்டிவிட்டு அறிவிப்பை மட்டும் எம்பி3 ஆக வைத்தால் போதுமா?

நாடாக்காரன்:
முதலில் அந்த வாக்மேனை ஓரங்கட்டுங்கள். லைன்-அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் துளை) உள்ள பழைய கேசட் டெக், அதைக் கணினியோடு இணைக்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். ஓட்டுவதற்கு முன் கேசட் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு அழுத்தினாலும் அழியாது.

மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹெட்டின் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகம்) சாய்வு. பதிந்த செட்டின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லை. ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் மாட்டிய சின்னத் திருகு இருக்கும். இடது, வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே அதைத் துளித்துளியாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்குமேல் தேவைப்படாது. 'ச', 'ஸ' ஒலிகளும் அலை இரைச்சலும் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இதைத் திரும்பச் செய்ய வேண்டும். டெக்கில் உள்ள டால்பி (இரைச்சல் குறைப்பு) ஆஃபில் இருக்கட்டும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) ஆகப் பதியுங்கள்; ஒலியளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஸ்டீரியோவாக எடுத்தால் ஒரு சி-90 சுமார் 3.1 ஜிபி ஆகும். பக்கத்துக்கு ஒரு கோப்பாக வையுங்கள்.

வேகம்: மின்சாரத்தில் ஓடிய செட்டில் பதிந்திருந்தால் நாடாவிலேயே மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருக்கும். ஒலி மென்பொருளின் ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வரைபடம்) அது 52இல் தெரிந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது.

மின்கம்பம்:
அந்த 50ஐ அப்படியே நம்பாதீர்கள். 2003க்கு முன் தென்மாநில மின்தொகுப்பில் மாலை நெருக்கடி நேரத்தில் 48 அருகே இறங்குவது சாதாரணம். 48.5 ஹெர்ட்ஸில் பதிந்ததை 50 என்று வைத்துத் திருத்தினால் குரலின் சுருதி சுமார் 3 சதவீதம் ஏறிவிடும். கேசட்டில் வரும் பாட்டை இசைத்தட்டுப் பிரதியோடு சுருதி ஒப்பிட்டுச் சரிபாருங்கள். இன்னொன்று: உங்கள் டெக்கும் 50இல் உறுமும். நாடா இல்லாமல் சில நொடி பதிந்து, எது யாருடைய உறுமல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி செட்டில் பதிந்ததில் உறுமலே இருக்காது. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகப் பதியும். அதனால் இப்போது ஓட்டும்போது பக்கத்தின் கடைசியில் குரல் கீச்சென்று ஏறும். முழுப் பக்கத்துக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது, பாட்டுக்குப் பாட்டு தனியாகத்தான் போட வேண்டும்.

பூஞ்சை_எதிரி:
வெள்ளைப் பொடி பூஞ்சை. டெக்கில் போடவே போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்ற 38இலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் சில வாரம் காயவிடுங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில், கையால் சுற்றிக்கொண்டே பஞ்சிழை உதிராத உலர்ந்த துணியால் துடையுங்கள். திருகு போட்டு மூடும் வேறு கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றுவது நல்லது. பழைய கூட்டில் பிரஷர் பேட் (நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு) உதிர்ந்திருந்தாலும் அதே வைத்தியம். பேட் இல்லாவிட்டால் ஒலி ஏறி இறங்கும்.

பாட்டை வெட்டும் யோசனையைக் கைவிடுங்கள். அந்தக் காலத்தில் பலர் பாட்டுக்காகத்தான் பதிந்தார்கள். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாஸ் பட்டனை அழுத்தினார்கள். அதனால் முன்னிசைமேல் ஏறிவரும் படப்பெயர், முடிவில் அறுபட்டு நிற்கும் அரை வாக்கியம், நடுவே ஒரு விளம்பரத் துண்டு, இவைதான் மிச்சம். கத்தரித்தால் முதலில் போவதும் இவையே. இரைச்சல் நீக்கியை நகலில் மட்டும் போடுங்கள். கொஞ்சம் அதிகமானாலும் மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும். ராஜாவின் வேகத்துக்கு அது தாங்காது. எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.

உறையில் எழுதியிருப்பதையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். தேதி இல்லாவிட்டால் 'புத்தம்புதிய படம்' என்று அறிவிப்பில் வரும் பெயரை வைத்து ஆண்டை ஓரளவு கட்டலாம்.