புதுப்பிப்பு: முட்டிவலிப் பயிற்சி பாதியில் நின்றுபோகாமல் இருக்க

முட்டித் தேய்மானத்துக்கு முன்பு மூன்று பயிற்சிகள் சொல்லியிருந்தேன்: துண்டை அழுத்துவது, காலை நீட்டித் தூக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. "பெங்களூரில் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போய்வரவே நேரம் சரியாகிவிடுகிறது, எப்போது செய்வது?" என்பதுதான் பலரின் கேள்வி.

தனியாக அரைமணி நேரம் தேடாதீர்கள். சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து 5 விநாடி அழுத்துவதை, விழித்ததும் கட்டிலிலேயே 10 முறை முடித்துவிடலாம். படுத்தபடி நீட்டிய காலைத் தூக்கும்போது மற்ற முட்டியை மடக்கி வைத்து, அதன் உயரத்தோடு நிறுத்துங்கள்.

எழுந்து உட்காருவதற்குக் குக்கர் விசில் வரும் நேரம் போதும். நாற்காலி 45 செ.மீ. உயரம் இருக்கட்டும், சிரமமாக இருந்தால் போர்வையை மடித்து மேலே போடுங்கள். கை ஊன்றாமல் 8 முறை. மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழுந்தால் தொடைத்தசைக்குப் பாதி வேலை போய்விடும். முட்டிகள் உள்பக்கம் சாயத் தொடங்கினால் அன்றைக்கு அத்தோடு போதும்.

வலிக்கு நீங்களே பத்துக்கு மதிப்பெண் போட்டால், மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு விடாதீர்கள். ஞாயிறன்று லால்பாக் பூங்காவில் ஒரேயடியாக நடந்து, திங்களன்று முட்டி வீங்கி, வாரம் முழுக்க ஓய்வு: பழக்கம் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். விட்ட நாளுக்கும் சேர்த்துச் செய்யவே வேண்டாம்.

முட்டி சூடாக வீங்கினாலோ, அசைக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள்.